இரைச்சல் பெட்டியை மாட்டிய விதம்

சுவரில் எதை மாட்டுவதாக இருந்தாலும் முதலில் விரல்முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். இதை ஒருவரும் செய்வதில்லை. ஆணியை வைத்து ஓங்கி அடித்துவிட்டு, காரை பெயர்ந்து விழுந்த பிறகு கொத்தனாரைத் திட்டுகிறார்கள். உங்கள் ஸ்டேஷனிலேயே பாருங்கள் சார், கடிகாரம் தொங்குகிற இடத்தைச் சுற்றிச் சுவர் உப்பிக் கிடக்கிறது. நாலு விரற்கடை தள்ளி மாட்டியிருந்தால் உங்கள் சர்வீஸ் முடிகிறவரை தாங்கும். வேண்டுமானால் நானே மாற்றித் தருகிறேன். எனக்கு இன்றைக்கு வேறு வேலை வரும் என்று தோன்றவில்லை.

கேள்விகளைத் தாளில் எழுதி நீட்டியதற்கு நன்றி. நீங்கள் மெதுவாகப் பேசுகிற ஆள் என்று வந்ததுமே கண்டுகொண்டேன். இப்போது எல்லாரும் அப்படித்தான். முதல் கேள்வி, அந்த மெஷினை யார் மாட்டியது என்று இருக்கிறது. நான்தான் மாட்டினேன். நன்றாகவே மாட்டினேன். வெள்ளத்தில் அந்த அறையின் பின்சுவர் விழுந்தது, கூரையில் பாதி இறங்கியது, உள்ளே படுத்திருந்தவன் போய்விட்டான். மெஷின் மட்டும் மாட்டிய இடத்தில் மாட்டியபடி இருந்தது. நீங்கள் அதைக் கழற்றச் சிரமப்பட்டிருப்பீர்கள்.

என் பெயர் தேவதாசன். ஜங்ஷனில் 'தாஸ் சவுண்ட் சர்வீஸ்' என்றால் தெரியாதவர்கள் குறைவு; தெரியாதவர்களுக்கும் காதில் விழுந்திருக்கும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எங்கள் சபையில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகை, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். மீசை அரும்பும் முன்பே குழாய்க்கு அடியில் போய் நின்றவன், அங்கேயே நின்று நரைத்தேன். என் கல்யாணத்துக்கும் நானே செட் போட்டேன். தாலி கட்டப்போகிற நேரத்தில் ஒரு குழாய் ஊளையிட்டது. மாப்பிள்ளைக் கோலத்தோடு எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். போதகர் காத்திருந்தார். பியூலாவும் காத்திருந்தாள். அவள் அன்றிலிருந்தே காத்திருப்பதில் கெட்டிக்காரி.

பியூலா நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் வேலை. வீடு இந்தப் பக்கம், சரிவில் இறங்கும் கடைசித் தெருவில். பின்கதவைத் திறந்தால் கொல்லை. கொல்லையைத் தாண்டினால் தாமிரபரணி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே பின்னறை சும்மா கிடந்தது. அதில்தான் வன்னியராஜ் வந்து தங்கினான்.

வன்னியராஜ் பியூலாவின் அத்தை மகன். அவளுக்கு அத்தான், அந்தக் கணக்கில் எனக்குத் தம்பி முறை. சவூதியில் பெரிய ஏசி பிளான்டில் இராப்பணி பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், ஜங்ஷனில் ஒரு லாட்ஜில் இரவு மேனேஜராகச் சேர்ந்தான். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். "வீடு கிடைக்கிறவரை இங்கன இரு" என்று கூப்பிட்டது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகப் பிராணியாக இருந்தால் கூப்பிட்டிருப்பேனா?

அவன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு நான் வாசலில் நின்றபடி, "ஏட்டி பியூலா, ஒன் முறைமாப்பிள்ளை வந்தாச்சு. நான் கெளம்பட்டுமா, இல்ல சாப்பிட்டுட்டுப் போகட்டுமா?" என்றேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி வரை கேட்டுச் சிரித்தாள். பியூலா, "வயசு ஏற ஏற வாய் நீளுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வன்னியராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அந்த நகைச்சுவையைச் செய்தவன் நான். அதன் தரம் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மனிதன் அவ்வளவு சிரிக்க வேண்டியதில்லை.

மெஷின் அவன் பெட்டிக்குள் இருந்தது. தேங்காய் மூடியைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு வெள்ளைச் சாமான். சுற்றிலும் கீற்றுக் கீற்றாகத் துவாரம். உள்ளே சின்ன மோட்டார், அதில் ஒரு விசிறிச் சக்கரம். மூடியைத் திருகினால் சத்தம் கூடும், குறையும். பாட்டு வராது, பேச்சு வராது, வெறும் இரைச்சல். இதைக் காசு கொடுத்து வாங்குகிற நாடும் இருக்கிறதா என்று கேட்டேன். என் தொழிலில் இரைச்சல் வந்தால் காசைப் பிடித்துக்கொள்வார்கள்.

வன்னியராஜ் விளக்கினான். என் பக்கம் குனிந்து, நன்றாகச் சத்தமாகவே சொன்னான். அப்போதெல்லாம் அவன் சத்தமாகத்தான் பேசுவான்.

"அங்கன பிளான்டுக்கு அடுத்த ரூம்தான் எங்களுக்குப் படுக்கை அண்ணாச்சி. மெஷின் ஓடுத வரைக்கும் பொணம் மாதிரி தூங்குவோம். யாரு வந்து கத்துனாலும் காதுல ஏறாது. அது நின்னுச்சோ, அத்தன பேரும் ஒண்ணா எந்திரிச்சு உக்காந்துருவோம். ஏசி நின்னா வேலை போயிரும்லா? இப்பவும் அதே கததான். இரைச்சல் இருந்தா தூங்குதேன். நின்னா கண்ணு தானா தெறந்துக்கிடுது."

இது நானாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. அவனே சொன்னது.

அவன் ஆற்றுப்பக்கத்துச் சுவரில்தான் மாட்டச் சொன்னான். கட்டில் அங்கேதான் கிடந்தது, ஜன்னல் காற்றுக்காக. நான் தட்டிப் பார்த்தேன். காதால் கேட்பதைவிட முட்டியால் உணர்வதுதான் எப்போதும் நம்பகம். அந்தச் சுவர் முட்டிக்குப் பதிலே சொல்லவில்லை. சிற்றுளியை வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினேன், வெல்லக்கட்டிக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. மேலே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே வெறும் செம்மண். விரலைவிட்டு நோண்டினால் ஈரமாக உதிர்ந்தது. "லே, இந்தச் சொவத்துல காலண்டர்கூட மாட்டப்பிடாது. ஒரு நல்ல மழைக்குத் தாங்காது" என்றேன். பியூலாவும் அங்கேதான் இருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள்.

எதிர்ப்பக்கத்து உள்சுவர் செங்கல். அதில் துளை போட்டு, மரக்கட்டை செதுக்கி அடித்து, கட்டையில் ஸ்க்ரூவை முடுக்கி மாட்டினேன். கட்டிலை மட்டும் அவன் நகர்த்தவில்லை. காற்று வேண்டும் என்றான்.

சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திருகினேன். இன்னும் திருகினேன். முழுக்கத் திருகிய பிறகுதான், எங்கேயோ மலையில் விழுகிற பாபநாசத்து அருவியை இங்கே பேட்டையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், நன்றாக அதிர்ந்தது. அதற்குள் பியூலா அடுப்படியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏங்க, கொறைங்க! என்னத்துக்கு இப்படி அலற விடுதிய? மாவு மில்லு மாதிரி இருக்கு!"

இந்தப் பூனைக்குட்டிச் சத்தத்துக்கா என்று நான் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார், சந்தேகம் என்கிற சாமானை நான் தேடிப்போகவில்லை. அது என் வீட்டுக்குள் அந்தப் பார்வையோடுதான் வந்தது.

கரண்ட் அடிக்கடி போகும். போனால் அவன் விழித்துக்கொள்வான். சிவந்த கண்ணோடு முற்றத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மெஷின் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. என் மைக் செட் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்டு. பழைய பேட்டரி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கரண்ட் நின்றாலும் மெஷின் நிற்காதபடி இணைத்துக் கொடுத்தேன். "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றான். எனக்கு இளகிய மனசு. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதன் பிறகுதான் வீட்டில் குசுகுசுப்பு ஆரம்பித்தது.

சாயங்காலம் அவன் எழுந்து வருவான். பியூலா டியூட்டி முடிந்து வந்திருப்பாள். இரண்டு பேரும் அடுப்படியில் நின்று பேசுவார்கள். எனக்கு வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. நான் நுழைந்ததும் பேச்சு நிற்கும். பியூலா என்னிடம் திரும்பி, "காப்பி வேணுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். சார், புருஷனிடம் ஒரு குரல், அத்தானிடம் ஒரு குரல். இதற்கு என்ன அர்த்தம் என்று சவுண்ட் சர்வீஸ்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நான் அவசரப்படவில்லை. ஆதாரம் சேர்த்தேன்.

ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வன்னியராஜ் பூனை மாதிரி வந்து நின்று, எவர்சில்வர் தம்ளரையும் கரண்டியையும் தட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் வராதபடிதான் தட்டினான். நான் திரும்பாமல் கவனித்தேன். அவன் கதவுப்பக்கம் நின்ற பியூலாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னால், என் வீட்டில், ஜாடை. மோவாயில் வெட்டிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

இன்னொரு நாள் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் குழாய் கட்டப் பாளையங்கோட்டை போயிருந்தேன். காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவரின் மாடிப்படியிலிருந்து இரண்டு பேரும் இறங்கிவருகிறார்கள். பியூலாவின் கையில் சின்னதாக ஒரு பொட்டலம். என்னைப் பார்த்ததும் அவன் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த இரண்டு பேருக்கும் காதில் ஒரு குறையும் கிடையாது. நான் வாய்க்குள் முணுமுணுத்தால்கூடக் கேட்டுவிடுவார்கள். காதில் குறையில்லாதவர்கள் காது டாக்டரிடம் ஏன் போகிறார்கள்? சந்திக்க வேறு இடம் கிடைக்காதவர்கள் போவார்கள்.

கடைசி ஆதாரம் மெஷின். பியூலாவுக்கு லீவு நாள். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் திரும்பி வந்தேன். அடுப்படியில் அவள் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவில் காதை ஒட்டவைத்து வெகுநேரம் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. குறட்டை இல்லை, பேச்சு இல்லை, வளையல் இல்லை. ஒரு வீட்டில் அப்படி ஒன்றுமே கேட்காமல் இருக்குமா சார்? அந்த இரைச்சல் எதற்காக வாங்கப்பட்டது, எதற்காக என்னைக்கொண்டே மாட்டப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பேசுவது வெளியே கேட்கக்கூடாது. அதற்குத் துளை போட்டு, கட்டை அடித்து, பேட்டரியும் கட்டிக்கொடுத்த மடையன் நான். என்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பியூலா செல்லக்கிளி வீட்டிலிருந்து கறிவேப்பிலையோடு வந்தாள். பின்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாக வர எவ்வளவு நேரம் ஆகும்?

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்று மெதுவாகச் சொல்வாள்.

இனி வெள்ளம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. முதல்நாள் ராத்திரியே டவுன் முழுக்கக் கரண்ட் இல்லை. பியூலாவுக்கு இரவு டியூட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் பத்திரமாக இருந்தாள். விடிந்ததும் வன்னியராஜ் லாட்ஜிலிருந்து நனைந்துகொண்டு வந்தான். "பைபாஸ் பக்கம் தண்ணி நிக்கி அண்ணாச்சி" என்றான். தலையைத் துவட்டினான், படுத்தான், மெஷினைப் போட்டுக்கொண்டான். பழைய பேட்டரி. முந்தின நாள் கரண்ட் போனதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. வெகுநேரம் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

நான் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அரசாங்க ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். அணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, ஆற்றோரத் தெருக்களில் உடனே அறிவிக்க வேண்டும், மைக் செட் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதை நூகு என் காதில் திருப்பிச் சொன்னான். மேலப்பாளையத்து நூகு, என் குழாய்களை ஏற்றிப்போகிற ஆட்டோக்காரன். பிறந்ததிலிருந்து ஆட்டோ இன்ஜினோடு போட்டி போட்டுக் கத்தியவன். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன். அவன் பேசுவது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்கும்.

ஆட்டோவில் இரண்டு குழாய் கட்டினோம். ஒரு பேட்டரி செட்டில், சார்ஜ் முழுக்க இருந்த இன்னொன்று உபரி. மைக்கை நானே பிடித்தேன். "ஆற்றோரத்துப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. உடனே வீட்டைவிட்டு மேட்டுக்குப் போங்கள். சாமானை எடுக்க நிற்காதீர்கள்." என் குரல் அன்றைக்கு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். தெருத் தெருவாக ஜனங்கள் குழந்தையும் பெட்டியும் கோழிக்கூண்டுமாக ஓடினார்கள்.

எங்கள் தெருவிலும் அறிவித்தேன். மற்ற தெருக்களைவிட இங்கே கூடுதலாகவே அறிவித்தேன். என் மீது அந்தக் குறை யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் கொல்லை மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றது. செல்லக்கிளி ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏ அண்ணாச்சி! ஒங்க வீட்டுல அந்தத் தம்பி தூங்குதாவளே! நான் பின்கதவத் தட்டிட்டேன், அந்த மிசினு சத்தத்துல ஒண்ணும் எடுபடல. உள்தாழ்ப்பா வேற. நீங்க எழுப்பிருங்க!"

"அதுக்குத்தான வந்துருக்கேன். நீ போம்மா" என்றேன். இறங்கினேன். முன்வாசலுக்குச் சாவி என்னிடம் இருந்தது. உபரிப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இதுதான் உங்கள் இரண்டாம் கேள்வி என்று நினைக்கிறேன். 'பேட்டரியை உள்ளே கொண்டுபோனது எதற்கு?' செல்லக்கிளி நல்ல பெண். வெள்ளத்தன்று எல்லாரும் வீட்டுக்குள்ளிருந்து சாமானை வெளியே கொண்டுவந்தார்கள், நான் ஒருவன்தான் உள்ளே கொண்டுபோனேன் என்பது அவளுக்கு இத்தனை மாதம் கழித்து உறைத்திருக்கிறது. பியூலாவிடம் சொல்லியிருக்கிறாள். பியூலா உங்களிடம் வந்திருக்கிறாள்.

பின்னறைக்கு வீட்டுக்குள்ளிருந்து போகிற கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வன்னியராஜ் ஆற்றுப்பக்கத்துச் சுவரை ஒட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் மெஷினில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு தளர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். நின்றுவிடும். நின்றால் அவன் கண் தானாகத் திறந்துகொள்ளும். எழுந்து உட்கார்வான், ஜன்னலைப் பார்ப்பான், ஓடிவிடுவான். நான் எழுப்பவே வேண்டியதில்லை.

கல்யாண வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் பாட்டை நிறுத்திவிட்டு மாற்றுகிறவன் கற்றுக்குட்டி. புதுப் பேட்டரியின் ஒயரைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து முறுக்கி, அதிலிருந்து கரண்ட் ஓட ஆரம்பித்த பிறகு பழையதைக் கழற்ற வேண்டும். நடுவில் பாட்டு ஒரு சொடுக்குக்கூட நிற்காது. அந்த அறையில் குனிந்து அதைச் செய்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக நான் பேட்டரி மாற்றியதில்லை. அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. கால் பக்கம் போர்வை விலகியிருந்தது. இழுத்து மூடிவிட்டேன். சாரல் அடித்தது அல்லவா?

வெளியே வந்தேன். செல்லக்கிளி தெருமுனையில் நின்று, "எழுப்பியாச்சா?" என்று கையை ஆட்டினாள். "எழுப்பியாச்சு, பின்வாசல் வழியாப் போயிட்டான்" என்று மைக்கிலேயே சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டது. அதனால்தான் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த தெருவில் செட் பேட்டரி இறங்கி மைக் நின்றுபோனது. உபரி இல்லை. நூகு, "உபரி எங்க அண்ணாச்சி, இங்கனதான இருந்துச்சு?" என்று ஆட்டோவைக் குடைந்தான். தண்ணீரில் நழுவிவிட்டது என்றேன். இன்னும் தெருக்கள் பாக்கி இருந்தன. இறங்கி ஓடினேன் சார். வாயாலேயே கத்திக்கொண்டு, ஒவ்வொரு கதவாக உதைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில். ஒரு கிழவரை முதுகில் சுமந்து மேட்டில் இறக்கினேன். தொண்டையில் ரத்தம் வந்தது. அதில் பொய் ஒரு துளியும் இல்லை. கேட்டுப்பாருங்கள். மைக் நின்ற பிறகும் தொண்டையால் ஊரைக் காப்பாற்றிய அண்ணாச்சி என்று பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட்டும் என்னுடையதுதான். மேடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு குழாய் சரியாகக் கத்தவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவர் மண்ணுக்கு அடியிலிருந்து அவனை எடுத்தார்கள். திரும்பி வந்து படுத்திருக்க வேண்டும் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அடக்கத்துக்கு செட் நான்தான் போட்டேன், கூலி வாங்கவில்லை. பியூலா அழவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவள் அழுதது, அவனுடைய டிரங்குப் பெட்டியைச் சேறு கழுவித் திறந்த அன்றைக்கு. உள்ளே பாலிதீன் பையில் சுற்றி ஒரு சின்ன டப்பா. அந்தக் காது டாக்டரின் மாடிப்படியில் பார்த்த பொட்டலம். முந்திரிப்பருப்பு மாதிரி, தோல் நிறத்தில் ஒரு சாமான். அதை என் முன்னால் வைத்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"ஒங்களுக்குத்தான்! ஒங்க காதுக்கு! கிறிஸ்மஸுக்குக் குடுக்கணும்னு ராஜ் அத்தான் வாங்கி வச்சது! காது கேக்கலன்னு சொன்னா நீங்க சாப்பாட்டுத் தட்ட வீசுதிய, பேசாம இருக்கிய! எப்படிச் சொல்லுததுன்னு நாங்க ரெண்டு பேரும் எத்தன நாளு பேசியிருப்போம்! எப்படிச் சொன்னா நீங்க கோவப்படமாட்டியன்னு!"

அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நான் அந்தச் சாமானைப் பிரித்துப் பார்த்தேன். என் தொழில் அல்லவா? உள்ளே பொடி மைக் ஒன்று, பெருக்கி ஒன்று, கடுகளவு ஸ்பீக்கர் ஒன்று. தூரத்தில் பேசுவதைக் காதுக்குள் கொண்டுவந்து கொட்டுகிற சாமான். ஒட்டுக்கேட்கிற சாமான், சார். அந்த வீட்டில் செவிடர் யாரும் கிடையாது. பாவம், செத்தவனைக் காப்பாற்ற ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது அவளுக்கு.

உங்கள் தாளின் கடைசியில் 'கொலை' என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி வேண்டாம், அடித்துவிடுங்கள். சத்தம் நின்றால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று தெரியும். சுவர் தாங்காது என்று தட்டிப் பார்த்த எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் பேட்டரியை மாற்றினேன். தெரிந்துதான் மைக்கில் பொய் சொன்னேன். செய்தது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது, நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதியதை வாசித்துக் காட்டுவதாகச் சைகை செய்தீர்கள். காட்டினார். அவர் வாய் ரொம்ப நேரம் அசைந்தது. பிறகு நீங்கள் அவரிடம் ஏதோ சொன்னீர்கள், அவர் என் காதைக் காட்டி ஏதோ சொன்னார், வாசலில் நிற்கிற பியூலாவும் தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போடும் முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கோபிக்கக்கூடாது. என்னை எதிரில் வைத்துக்கொண்டே இப்படிக் குசுகுசுவென்று பேசுகிறீர்களே, பியூலாவை உங்களுக்கு முன்பே பழக்கமோ?